கூடை இல்லாத முதுகு

காலையில் எழுந்ததிலிருந்து என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. ரொட்டிக்கு மாவு பிசையப் போனால் உப்பு எங்கே என்று தெரியவில்லை. உப்பைக் கண்டுபிடித்துத் திரும்பினால் மாவுச் சட்டியைக் காணவில்லை. அது என் கையிலேயே இருந்தது. கடைசியில் என் கணவர் தோளைப் பிடித்து என்னை அடுப்படியிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்.

“நீ போயி தலையச் சீவு ஜீவா. நான் சுடுறேன். ஹோட்டல்ல அத்தன பேருக்குச் சுடுறவனுக்கு வீட்டுல மூணு பேருக்குச் சுடத் தெரியாதா?”

பிரதாப் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. அந்த ஒரு நாளை இந்த வாரம் இன்றைக்கென்று மாற்றி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். “பொண்டாட்டி கங்காணியாகப் போறான்னு சொன்னேன். பெரிய குக் நம்பல. பொய் சொன்னாலும் நல்லாச் சொல்றேன்னு லீவு குடுத்துட்டாரு” என்று நேற்று வந்ததும் வராததுமாகச் சிரித்தார்.

வாசற்படியில் உட்கார்ந்து செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்த மாமி தலையைத் திருப்பினார்.

“பொண்டாட்டிக்கு ரொட்டி சுட்டுக் குடுக்குற புருஷன இந்த லயத்துல இன்னைக்குத்தான் பாக்குறேன். ஒங்கப்பன் எனக்கு ஒரு சுடுதண்ணி வச்சுக் குடுத்ததில்ல.”

“நீங்க கங்காணியாகலியேம்மா!”

“அடி செருப்பால. கங்காணி வேல பொம்பளைக்கா? என்னமோ அவ கைய தூக்கிட்டா, இவங்களும் குடுத்துட்டாங்க.”

சொன்னது அப்படி. ஆனால் நேற்றுச் சாயந்தரம் தண்ணீர்ப் பீலியில் குடத்தை வைத்துவிட்டு, லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு வாசலிலும் நின்று, “எங்க ஜீவாவத்தான் போட்டிருக்காங்க” என்று மாமி சொல்லிக்கொண்டு போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் மாமியின் பெயர் சண்முகவடிவு. எங்கள் பிரிவில் கொழுந்து பறிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் வட்டகொடைப் பக்கம் பிறந்து, உயர்தரம் வரை படித்து, கொழுந்துக் கூடையைக் கனவில்கூடத் தூக்காமல் இருந்து, பிரதாப்பைக் கட்டிக்கொண்டு லிந்துலைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்தவள். வந்த புதிதில் கூடைக் கயிறு தலையை இழுக்கும் வலியில் இரவெல்லாம் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்திருக்கிறேன். இப்போது கயிறு இல்லாவிட்டால்தான் தலை எங்கே போகிறதென்று தெரிவதில்லை.

சின்னத்தம்பிக் கங்காணி வயதாகி ஓய்வு பெற்றதும், இந்தத் தடவை ஒரு பெண்ணைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோட்டத்தில் முடிவு செய்தார்கள். யாருக்கு விருப்பம் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கேட்டபோது எல்லோரும் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தார்கள். என் கை தானாக மேலே போய்விட்டது. ஏன் தூக்கினேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடமாக இந்த மலையில் நாங்கள் எத்தனை பெண்கள்! எங்களுக்கு எந்த நிரை, எப்போது தேத்தண்ணி, எப்போது வீடு என்று சொல்லும் குரல் மட்டும் எப்போதும் ஒரு ஆணின் குரலாகவே இருந்திருக்கிறது. அது என் குரலாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. அவ்வளவுதான். அந்த ஆசைதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

வெள்ளைத் துண்டை மடித்துத் தோளில் போட்டேன். பிரதாப் வாங்கி வந்த புதுக் குடையை எடுத்தேன். முதுகில் கூடை இல்லை. லயத்துப் படிகளில் இறங்கும்போது காற்றே என்னைத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

“ஓடாதடி! கங்காணி ஓடினா யாரு மதிப்பா?” என்று பின்னாலிருந்து மாமியின் சத்தம் வந்தது.

பெரட்டுக்களத்தில் பனி இன்னும் விலகவில்லை. தோட்டத்தின் உதவி மேலாளரான சின்ன தொரை ஜாக்கெட் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார். கண்டிப் பக்கத்துச் சிங்கள இளைஞர். வந்த ஒரு வருடத்தில் தமிழை எங்களிடமே கற்றுக்கொண்டுவிட்டதால் எங்களைப் போலவே பேசுவார்.

“ஜீவராணி, ஒரு கிழமை பாப்போம். கேங்கு ஆளுங்க சரின்னு சொன்னா நீங்கதான் கங்காணி. ஒருத்தர் ரெண்டு பேரு வேற கேங்குக்கு மாத்திக் கேட்டாலும் எனக்குச் சிக்கல். யோகேஸ்வரன் வேற இந்த வேலையக் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

“சரிங்க தொர.”

யோகேஸ்வரன் அந்தப் பக்கம் கவ்வாத்துக் கத்தியோடு நின்று, பல் தெரியச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நம்பர் மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் நிரை பிரிக்க வேண்டும். தேயிலைச் செடி வரிசைகளில் யாருக்கு எது என்று காட்டிவிடுவதுதான் கங்காணியின் முதல் வேலை. வெளியாட்களுக்கு எல்லா நிரையும் ஒன்று போலத்தான் தெரியும். எங்களுக்கு அப்படியில்லை. ஒன்றில் கொழுந்து துளிர்த்துக் கிடக்கும். ஒன்றில் பாதி கல்லும் பாதி செடியுமாக இருக்கும். ஒன்று பள்ளத்தில் இறங்கும். ஒன்று பாதையை ஒட்டியே போகும். பாதையோரத்து முதல் நிரை ராசா வீட்டுக் கல்யாணம் மாதிரி. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். அந்த நிரை எத்தனையோ காலமாக என் மாமியுடையது. சின்னத்தம்பிக் கங்காணி ஒரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில்லை. மாமியும் கேட்டதில்லை. வந்ததும் போய் அதில் நின்றுவிடுவார்.

இன்றைக்கும் அப்படித்தான் போய் நின்றார். கூடையைச் சரி செய்தார். படங்கை இழுத்து விட்டார்.

நான் வரும் வழியெல்லாம் பிரேமினியைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அவளுடைய குழந்தை கீழே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறது. பால் கொடுக்க இடையில் ஓட வேண்டும். போன வாரம் நடுநிரையிலிருந்து செடிகளுக்குள்ளே நுழைந்து, பாவாடையைக் கிழித்துக்கொண்டு, பாதைக்கு வந்து சேர்வதற்குள் அழுதே விட்டாள். பாதையோரத்து நிரை அவளுக்கு இருந்தால் இறங்கி ஓடிவிடலாம்.

இது சின்னத்தம்பிக் கங்காணிக்குத் தோன்றியிருக்காது. தோன்றினாலும் என் மாமியிடம் சொல்லியிருக்க மாட்டார். அவர் அங்கே ஒரு கங்காணி மட்டும்தான். நான் வீட்டுக்குப் போய் மாமியோடு ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும்.

தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

“மொத நிரை பிரேமினிக்கு. புள்ளைக்குப் பால் குடுக்கப் போகணும்ல, அதான். மாமி, நீங்க நடுவுல, அந்தக் கல்லுக்கு மேல உள்ளத எடுத்துக்குங்க.”

பக்கத்து மலையில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது.

மாமி என்னைப் பார்த்தார். முதல் நிரையை விட்டு வெளியே வந்தார். என்னைத் தாண்டும்போது மட்டும் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“நல்லா இரு தாயி. நாளைக்கு மேப்பிரிவு கேங்குக்கு மாத்தச் சொல்லி நான் தொரகிட்டக் கேட்டுக்கிறேன்.”

“மாமி…”

“கங்காணி ஆளுங்ககிட்ட நின்னு கெஞ்சக் கூடாது. போ, வேலையப் பாரு.”

மீனம்மாக்கா வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு, “இது நல்லாருக்கே. சினிமாவுக்குப் போக வேண்டியதில்ல” என்றார். அவருக்கு மாமியின் வயதுதான். அவருக்கும் மாமிக்கும் அந்த முதல் நிரை விஷயத்தில் நெடுங்காலமாக ஒரு புகைச்சல் உண்டு.

பிரேமினி என் பக்கம் வந்து கிசுகிசுத்தாள். “ஐயோ ஜீவாக்கா, எனக்கு வேணாம்க்கா. ஒங்க மாமி என்னைய முழுங்கிருவாங்க.”

“போயி நில்லு. கங்காணி சொன்னா சொன்னதுதான்” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. பயமும் இருந்தது. ஆனால் பயத்துக்கு நடுவே உள்ளே ஏதோ ஒன்று கைதட்டிக் குதித்துக்கொண்டிருந்தது.

வெயில் வந்தது. பனி கழன்று தலவாக்கலைப் பக்கம் நகர்ந்தது. நான் நிரைகளுக்கு நடுவே நடந்தேன்.

இத்தனை வருடம் இந்த மலையில் வேலை செய்தும் நான் பார்க்காத ஒன்றை அன்றைக்குப் பார்த்தேன். பறிக்கும்போது கண்ணுக்கு முன்னால் செடி மட்டும்தான். அடுத்த கொழுந்து, அதற்கடுத்த கொழுந்து. பக்கத்தில் நிற்பவளின் குரல் கேட்கும், முகம் தெரியாது. இன்றைக்குக் கூடை இல்லாமல் நிமிர்ந்து நடந்தபோது எல்லா முகங்களும் தெரிந்தன. ஒருத்தி பறிக்கும்போது உதட்டைக் கடிக்கிறாள். ஒருத்தி தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள், நடுவில் சிரித்தும் கொள்கிறாள். மீனம்மாக்கா வெற்றிலை மெல்லும் தாளத்திலேயே பறிக்கிறார். மெல்லுவது நின்றால் கையும் நிற்கிறது. என் மாமியின் விரல்கள் செடியின் மேல் ஓடுவதை எதிரே நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. அடேயப்பா! கொழுந்து தானாக எழுந்து வந்து அவர் கைக்குள் ஏறுவது போல இருந்தது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்து அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

தேத்தண்ணி நேரத்துக்குப் பிறகு எனக்கு மாமியை விட்டு நகர மனமில்லை. உண்மையில் நாளைக்கு மாறிப்போய்விடுவாரா? அவர் போனால் இன்னும் இரண்டு மூன்று பேர் பின்னால் போவார்கள். சொந்த மாமியாரே ஒத்துக்கொள்ளாத கங்காணியிடம் யார் இருப்பார்கள்? யோகேஸ்வரனுக்கு நானே பாய் விரித்துக் கொடுத்தது போலாகும். மாமியின் நிரையில் அவருக்கு முன்னால் நடந்தபடி, என்ன சொல்லிச் சமாதானம் செய்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமி, பிரேமினியோட புள்ள… இல்லை. மாமி, நீங்கதான எனக்கு… ம்ஹும். மாமி, நான் என்னா செய்யட்டும் சொல்லுங்க… அதுவும் சரியில்லை.

திரும்பிப் பார்த்தபோது மாமியின் முகம் மாறியிருந்தது. இறுகியிருந்த வாய் தளர்ந்திருந்தது. அடுத்த தடவை திரும்பியபோது லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது.

“வெயிலு படுது. குடையப் பிடி” என்றார்.

அந்த இரண்டு வார்த்தைக்கு என் மனம் பறந்துவிட்டது. கோபம் போய்விட்டதா? ஒன்றும் சொல்லாமலேயே?

பக்கத்து நிரையிலிருந்து மீனம்மாக்கா, “நடக்கட்டும், நடக்கட்டும்” என்று தலையை ஆட்டினார். அவரும் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து அவரைப் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எல்லோரும் இறங்கினோம். சின்ன தொரை வந்திருந்தார். மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று, என்னைப் பார்த்து எப்படி என்று கண்ணால் கேட்டார். பிரச்சினை இல்லை என்று தலையாட்டினேன்.

மாமி கூடையை இறக்கினார். கூடை விளிம்பு வரை பொங்கி நின்றது. எப்போதும் மாமிக்குத்தான் அதிகம். ஆனால் கல்லும் செடியுமாகக் கிடந்த அந்த நடுநிரையில் இவ்வளவா?

மீனம்மாக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“தொர, இத நிறுக்க முன்னாடி ஒரு விசயம் கேக்கணும். கங்காணி கொழுந்து பறிக்கலாமா?”

“ஏன்?”

“மருமக முன்னாடி நின்னு பறிச்சுப் பறிச்சுப் போடுது. மாமியாரு பின்னாடி வந்து அள்ளி அள்ளிக் கூடையில வைக்குது. எங்களுக்கெல்லாம் இப்புடி ஒரு மருமக இல்லாமப் போச்சே!”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன்.

“என்னாக்கா இது! நான் ஒரு கொழுந்து பறிக்கல. சாமி சத்தியமா பறிக்கல!”

சின்ன தொரை நிமிர்ந்தார். “கையக் காட்டுங்க ஜீவராணி.”

நீட்டினேன். நீட்டிய பிறகு நானே பார்த்தேன். இரண்டு கை விரல்களிலும், பெருவிரல் நுனியிலும், பச்சைச் சாறு கறுத்துப் படிந்திருந்தது. வேலை செய்த கை. சத்தியம் செய்தேனே! என் கை எங்கே போயிருந்தது?

அப்போதுதான் பிரேமினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

“ஜீவாக்கா… திரும்புங்க. முதுகப் பாருங்களேன் எல்லாரும்!”

என்னைப் பிடித்துத் திருப்பினாள். என் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டிலும், ஸ்வெட்டரின் முதுகிலும், கொண்டைக்குள்ளும்கூட கொழுந்து ஒட்டிக்கொண்டிருந்ததாம். ஒவ்வொன்றாக எடுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் என்னோடு சேர்ந்து புரிந்துவிட்டது. கை நிறையப் பறித்ததும் தோளுக்கு மேலே பின்பக்கம் வீசுவோம். பார்த்து வீசுவதில்லை, கூடை அங்கே இருக்கும். மாமியிடம் என்ன சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு நடந்த நேரமெல்லாம் என் கைகள் தம் பாட்டுக்குப் பறித்து, இல்லாத கூடைக்குள் வீசிக்கொண்டே இருந்திருக்கின்றன!

சிரிப்பு வெடித்தது. ஒருத்தி கூடையில் சாய்ந்து சிரித்தாள். இன்னொருத்தி, “நான் ஒரு நா வீட்டுல கீரைய ஆஞ்சு ஆஞ்சு முதுகுக்குப் பின்னாடி வீசிட்டேன். அவரு வந்து, ஏன்டி சொவத்துக்குச் சோறு போடுறேன்னு கேட்டாரு” என்றாள். சின்ன தொரைகூட முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

மாமி மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப நீ எனக்காகப் பறிக்கலியா?”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

“மாமி…”

“நீ புதுசா வந்தப்ப ஒனக்கு அரைக் கூடை நெறையாது. நான் பக்கத்து நிரையில நின்னு, யாருக்கும் தெரியாம ரெண்டு கையி மூணு கையி ஒன் கூடையில போடுவேன். அத நெனச்சுத்தான் இவ இன்னைக்குச் செய்றா, நிரைய வாங்கிட்டாலும் மாமிய மறக்கலன்னு…” மாமியின் குரல் கம்மியது. “பூராம் சும்மா கைப்பழக்கமா?”

எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் என் கூடை நிறைந்ததைப் பார்த்து, நான் தேறிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். கழுத்து வலியோடு படுத்திருக்கும்போது பிரதாப்பிடம் எவ்வளவு பெருமையடித்திருப்பேன்! என் கண் நிறைந்துவிட்டது. இதே இடத்தில் இதே நேரத்தில் அழுதால் கங்காணி வேலை போயிற்று என்றும் தெரிந்தது.

மீனம்மாக்கா விடவில்லை. ஆனால் குரலில் முன்பிருந்த காரம் இல்லை. “கைப்பழக்கமோ என்னமோ, கொழுந்து இப்ப யாரு கூடையில இருக்கு? அதச் சொல்லு கங்காணி.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்ன தொரையும் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. இது என் வேலை.

மாமியை நேராகப் பார்த்தேன்.

“மாமி, நான் பறிச்சதத் தனியா கொட்டுங்க. அத ஒங்க பேருல நிறுக்க முடியாது.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. வீட்டில் அவர் முன்னால் கதிரையில்கூட முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. மாமியின் கை கூடையின் விளிம்பில் இருந்தது. இறுக்கமாகப் பிடித்திருந்தார். இந்தக் கை கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

மாமி குனிந்தார். படங்கை அவிழ்த்துத் தரையில் விரித்தார். கூடையின் மேலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அதில் போட்டார்.

“தேத்தண்ணிக்குப் பெறகுதான் நீ என் முன்னால நின்ன. மேலாக்க கெடக்குறது ஒன்னோடது. அடியில உள்ளது என்னோடது. கண்ணு இருக்குறவ பாத்துக்க மீனம்மா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இந்தப் பேச்ச வீட்டுல பேசிப் பாரு, அப்ப தெரியும்.”

மறுபடி சிரிப்பு.

படங்கில் பச்சைப் பசேலென்று கொழுந்து குவிந்து கிடந்தது. நல்ல கொழுந்து. கை அறியாமல் பறித்தாலும் முத்தல் ஒன்று இல்லை.

“இத என்னா செய்றது?” என்றாள் பிரேமினி.

“யாரு பேருலயும் போட ஏலாது. தோட்டத்துக்குத்தான் போகணும்” என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை. மீனம்மாக்காவே பாய்ந்தார். “என்னாது! தோட்டத்துக்குச் சும்மா குடுக்கவா? ஒரு பொம்பள வெயில்ல நின்னு பறிச்ச கொழுந்தயா? நல்ல கங்காணி போ!”

“அதான! சும்மா குடுத்துப் பழக்கிறாத ஜீவா!”

“எங்களுக்கு யாரு சும்மா குடுக்குறா?”

இவ்வளவு நேரம் இரண்டாக நின்ற கூட்டம் ஒரு நொடியில் ஒன்றாகிவிட்டது. என் மாமியும் மீனம்மாக்காவும் தோளோடு தோள் நின்று எனக்கெதிராக ஒரே குரலில் சத்தம் போட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்தது.

“அப்ப எல்லாருக்கும் ஒவ்வொரு கையி. பறிச்சது நான், பிரிக்கிறதும் நான். கூடையக் கொண்டாங்க!”

சின்ன தொரையை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் திடீரென்று கைத்தொலைபேசியைக் காதில் வைத்து, “ஹலோ, ஹலோ” என்று பேசியபடி மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணியடித்தது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

படங்கைத் தூக்கிப் பிரேமினி பிடித்துக்கொண்டாள். கோயிலில் பிரசாதம் கொடுப்பது போல ஒவ்வொரு கூடையாகப் போய் ஒவ்வொரு கை போட்டேன். “எனக்குச் சின்னக் கையாப் போட்டுட்ட!” “அவளுக்கு மட்டும் அமுக்கி அள்ளுற!” “கங்காணி கை ராசியான கைதான்டி!” என்று ஒரே கூச்சல். மீனம்மாக்கா கூடையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டி, “நான் கேட்டது நியாயத்துக்குத்தான் ஜீவா, மனசுல வச்சுக்காத” என்றார். “கேக்கணும்க்கா. நாளைக்கும் கேளுங்க” என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

கடைசியாக மாமி. முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றார். ஆனால் கூடை என் பக்கமாக நகர்ந்து வந்தது.

தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு சின்ன தொரை வந்தார். “முடிஞ்சதா? நிறுக்கலாமா?” பிறகு என்னிடம் மட்டும் மெதுவாக, “நாளைக்குக் கைய பொக்கெட்ல வச்சுக்கிட்டு நடங்க” என்றார்.

சாயந்தரம் லயத்துக்கு ஏறும்போது மாமி எனக்கு முன்னால் போனார். திரும்பியும் பார்க்கவில்லை. மடுவத்தில் இருந்த தைரியமெல்லாம் படிக்குப் படி இறங்கிக்கொண்டே வந்தது. மேப்பிரிவுக்கு மாறுவது பற்றித் தொரையிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, நாளைக்குச் சொல்வாரா?

பிரதாப் வாசலிலேயே நின்றார். “என்னா ஜீவா? என்னா நடந்துச்சு? அம்மா, என்னாம்மா மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒம் பொண்டாட்டி எங் கூடைய கொட்டச் சொல்லிட்டாடா. அத்தன பேரு முன்னாடி.”

பிரதாப் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பாதகமில்லாமல் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார். “கொட்டினீங்களா?”

“கொட்டாம? கங்காணி சொன்னா கொட்டித்தான ஆகணும்.” மாமி படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். “சின்னத்தம்பி இருந்தா மழுப்பியிருப்பான். அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம்னு. இவ மழுப்பல. நேரா எங் கண்ணப் பாத்துச் சொன்னா.” சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்கு முன்னாடி கூடையே இல்லாம முதுகுல வீசி வீசி… ஐயோ, நீ பாக்கணும்டா…”

எழுந்து நின்று என்னைப் போல நடித்தே காட்டினார். நெற்றியைச் சுருக்கி, யோசனையில் மூழ்கிய கங்காணியம்மாவாக நடந்து, கொழுந்தை வீசி, கொண்டையைத் தொட்டு. பிரதாப் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீடுகளிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரதாப் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை வாங்கி ஊதியபடி மாமி என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“ஆமா, நாளைக்கு எனக்கு எந்த நிரை?”

நாளைக்கு! நாளைக்கு எந்த நிரை என்று கேட்கிறவர் மேப்பிரிவுக்குப் போகப் போகிறவரா? ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்து, எந்த நிரை வேண்டுமோ எடுத்துக்குங்க மாமி, எல்லா நிரையும் ஒங்களுக்குத்தான் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பிரதாப்பும் சொல்லிவிடு என்று கண்ணைக் காட்டினார்.

விழுங்கிக்கொண்டேன்.

“அத மலையில வந்து சொல்றேன் மாமி. எல்லாரோடயும் சேர்த்து.”

மாமியின் கை தேத்தண்ணிக் கோப்பையோடு பாதியில் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

“இங்க பாருடா! கேட்டியாடா இவ பேசுறத? வீட்டுக்குள்ளயே எனக்குச் சொல்ல மாட்டாளாம்!” என்று பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில் நேற்றுச் சாயந்தரம் அவர் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னபோது இருந்த அதே துள்ளல் இருந்தது. நான் கையைக் கழுவப் பீலிக்கு ஓடினேன். கங்காணி ஓடக் கூடாதுதான். நாளையிலிருந்து நடந்துகொள்கிறேன்.